விருந்தாளிகள் விட்டுப்போன குப்பை

தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' படத்தில் சொக்கிப்போய் அதன் மூலக்கதையைத் தேடிப்பிடித்துப் படிக்கிறவருக்கு, முதல் பத்துப் பக்கத்துக்குள் ஒரு சந்தேகம் வந்தே தீரும். தப்பான புத்தகத்தை வாங்கிவிட்டோமா? படத்தில் மழை, சகதி, மௌனம், வாழ்ந்து களைத்துப்போன மூன்று ஆண்களின் ஆத்ம விசாரம். நாவலிலோ எடுத்த எடுப்பிலேயே ஒருத்தன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான். வயது 23. சாராயக் கடை, சம்பளம், ராத்திரித் தொழிலில் வரும் திருட்டுக் காசு, போலீஸ், மேலதிகாரிகள்மேல் எரிச்சல் என்று அவன் பேச்சு ஓடுகிறது. ஆன்மா இருக்கும் பக்கமே அவன் போவதில்லை.

நாவலின் பெயர் 'ரோட்சைட் பிக்னிக்'. எழுதியவர்கள் அர்காதி, போரிஸ் என்ற ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்கள். 1972இல் லெனின்கிராடிலிருந்து வந்துகொண்டிருந்த 'அவ்ரோரா' இதழில் தொடராக வெளியானது. விஞ்ஞானப் புனைகதை என்றால் சுஜாதாவும் 'என் இனிய இயந்திரா'வும் நினைவுக்கு வருகிற தமிழ் வாசகர்களில் இந்தப் புத்தகத்துக்கென்று ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. நான் சந்தித்தவரை அவர்களில் முக்கால்வாசிப் பேர் படத்தின் வழியாக வந்தவர்கள்தான். நானும் அப்படியே.

அது ஆச்சரியமில்லை. நம்மூர்த் திரைப்படச் சங்கங்களுக்குத் தார்க்கோவ்ஸ்கி குலசாமி மாதிரி. 'ஸ்டாக்கர்' திரையிடல் முடிந்து வெளியே டீக்கடையில் கூடும்போது நடுவில் தூங்கிவிட்டதாக ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. 163 நிமிடம் ஓடும் படத்தில் மொத்தம் 142 ஷாட்தான். இங்கே ஒரு சண்டைக் காட்சியிலேயே அத்தனை வெட்டு இருக்கும். வேற்றுக் கிரகத்தாரோ விண்கல்லோ எதுவோ வந்துபோன ஒரு பகுதி. அதற்கு மண்டலம் என்று பெயர். ராணுவம் வேலி போட்டுக் காவல் காக்கிறது. உள்ளே ஓர் அறை இருக்கிறது. அதற்குள் போகிறவரின் அடிமனத்து ஆசை நிறைவேறுமாம். எழுத்தாளர் ஒருவரையும் பேராசிரியர் ஒருவரையும் திருட்டுத்தனமாக அங்கே கூட்டிப்போகிறான் ஸ்டாக்கர். கதை அவ்வளவுதான்.

ஆனால் அந்த டிராலிப் பயணத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தண்டவாளத்தில் மூவரும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கேமரா இடத்தைக் காட்டாமல் அவர்களுடைய தலைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சக்கரத்தின் தடக் தடக் ஓசை எந்த நொடியில் இசையமைப்பாளர் அர்த்தெமியெவின் மின்னிசையாக மாறியது என்று எத்தனை தடவை கேட்டாலும் பிடிபடாது. பழுப்பு நிறம் சட்டென்று விலகிப் பச்சை வருகிறது. மண்டலத்துக்குள் வந்தாயிற்று. புல், பனி, துருப்பிடித்த டாங்கிகள். விஞ்ஞானப் படமாயிற்றே, விந்தை எதையும் காட்டவில்லையே என்று கேட்டால், காட்டவில்லைதான். எங்கே கால் வைப்பது என்ற பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் நடத்திவிட்டார் தார்க்கோவ்ஸ்கி.

அந்தப் பயம் நாவலிலிருந்து போனது. மற்ற எல்லாம் நாவலிலேயே தங்கிவிட்டது. அந்த மற்ற எல்லாவற்றையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஹார்மண்டில் பிழைப்பு

ஹார்மண்ட் ஒரு சிறு நகரம். எந்த நாடு என்று நாவல் சொல்வதில்லை. மேற்கத்திய நாடு ஒன்று என்று பெயர்களிலிருந்து ஊகிக்கலாம். ஒரு நாள் வானத்திலிருந்து யாரோ வந்தார்கள், போய்விட்டார்கள். ஹார்மண்டில் மட்டும் இல்லை, பூமியில் மொத்தம் ஆறு இடங்களில். வந்தவர்களை ஒரு மனிதரும் பார்க்கவில்லை. ஊரின் ஒரு பேட்டையில் இருந்தவர்களுக்குக் கண் போனது. இன்னொரு பேட்டையில் கொள்ளைநோய் மாதிரி ஒன்று பரவியது. நாவல் தொடங்கும்போது அதெல்லாம் பழங்கதை.

வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்பதை ஸ்த்ருகாத்ஸ்கிகள் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் கேட்பது, இனி இந்த ஊரில் என்ன வியாபாரம் நடக்கும் என்பதை. மண்டலத்தை ஆராய ஒரு சர்வதேச நிறுவனம் வருகிறது. அதைக் காவல் காக்கப் படை வருகிறது. வந்தவர்களுக்குச் சோறு போட, குடிக்கக் கொடுக்கக் கடைகள் முளைக்கின்றன. உள்ளே கிடக்கும் விநோதப் பொருள்களை ராத்திரியில் வேலி தாண்டிப் போய் எடுத்துவர ஸ்டாக்கர்கள் என்றொரு கூட்டம் உருவாகிறது. எடுத்து வந்ததை வாங்க ஆள் இருக்கிறது. வாங்கியவனிடமிருந்து வாங்கப் பெரிய கைகள் இருக்கின்றன. பிடிபட்டால் ஜெயில். உள்ளே மாட்டினால் பிணமும் திரும்பாது. இத்தனைக்கும் பொருள்கள் எதற்குப் பயன்படும் என்று எவருக்கும் சரியாகத் தெரியாது. தானாகவே இரண்டாகப் பெருகும் ஒரு வகை பேட்டரியைக் காரில் மாட்டி ஓட்டுகிறார்கள். அது உண்மையில் பேட்டரிதானா என்பது வேறு விஷயம்.

பகலில் அந்த நிறுவனத்தில் ஆய்வக உதவியாளன், ராத்திரியில் ஸ்டாக்கர்: இதுதான் ரெட்ரிக் ஷூகார்ட். ஊருக்கு ரெட். நிறுவனத்தில் அவன் மதிக்கும் ஒரே ஆள் கிரில் என்ற ரஷ்ய விஞ்ஞானி. கிரில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் பொருளை நாவல் வர்ணிக்கும் விதம் அலாதியானது. சாஸர் அளவில் இரண்டு செப்புத் தட்டுகள். நடுவே ஏறத்தாழ ஒரு முழ இடைவெளி. அந்த இடைவெளியில் ஒன்றுமே கிடையாது. கையை விட்டுத் துழாவலாம், தலையைக்கூட நுழைக்கலாம். ஆனால் தட்டுகளை நெருக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே எழும்பும். ஸ்டாக்கர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'காலி'. கிரில் வாடிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், உள்ளே நீலமாக ஏதோ நிரம்பிய காலி ஒன்றை மண்டலத்தில் பார்த்திருக்கிறேன், எடுத்து வரலாமா என்று ரெட் கேட்கிறான். நட்புக்காக வாயை விட்டுவிடுகிறான்.

இரண்டு பேரும் இன்னொருவனைச் சேர்த்துக்கொண்டு அதிகாரபூர்வமாகவே உள்ளே போகிறார்கள். ரெட்டின் பையில் நட்டுகள். ஒன்றை எடுத்து முன்னால் வீசுகிறான். அது வளைந்து போய் இயல்பாக விழுந்தால் அங்கே நடக்கலாம். பாதி வழியில் வெடுக்கென்று கீழே இழுக்கப்பட்டு மண்ணில் புதைந்தால், அந்த இடத்தில் பூமியின் இழுப்பு பலமடங்கு ஏறிக் கிடக்கிறது என்று பொருள்; 'கொசுச்சொறி' என்பார்கள். அடுத்த நட்டு, அடுத்த அடி. படத்தில் வெள்ளைத் துணி நாடா கட்டி வீசப்படும் நட்டு ஒரு சடங்கு மாதிரி இருக்கும். அது சரிதானா என்று நமக்குக் கடைசிவரை தெரியாது. நாவலில் அது வெறும் தொழில்நுட்பம். சுவரெழுப்பும் கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதுபோல் அவன் வீசிப் பார்க்கிறான்.

நிரம்பிய காலி கிடைத்துவிடுகிறது. அதை எடுக்கும்போது கிரிலின் முதுகு வெள்ளியாக மின்னும் ஒரு சிலந்திவலையில் உரசுகிறது. ரெட் பார்த்துவிடுகிறான். மூச்சு நின்றுபோகிறது. ஒன்றும் ஆகவில்லை. சரி, தப்பித்தோம் என்று விட்டுவிடுகிறான். அன்று மாலை சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது சேதி வருகிறது: கிரில் இறந்துவிட்டான், மாரடைப்பு. அது மாரடைப்பு இல்லை என்று தெரிந்தவன் உலகத்தில் ஒரே ஒருத்தன். நாவலின் முதல் பகுதி இங்கே முடிகிறது. இனி வரும் பக்கங்களில் ரெட் செய்யும் ஒவ்வொரு கேவலத்துக்கும் அடியில் இந்தச் சிலந்திவலை கிடக்கும். ஆசிரியர்கள் அதை ஒரு தடவைகூடச் சுட்டிக்காட்ட மாட்டார்கள்.

விற்கக் கூடாததை விற்றவன்

இரண்டாம் பகுதியில் ரெட்டுக்கு 28 வயது. கூட்டா என்ற பெண்ணோடு குடும்பம். ஸ்டாக்கர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் இயல்பாக இருப்பதில்லை. இவன் மகளுக்கு உடம்பெல்லாம் பொன்னிற ரோமம். செல்லமாகக் 'குரங்குக்குட்டி' என்று கூப்பிடுகிறார்கள். வாயாடி, சிரிப்பாணிக் குழந்தை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முதலில் பயந்து அப்புறம் அவளோடு விளையாடுகிறார்கள். இந்தப் பக்கங்களின் வெதுவெதுப்பு படத்தில் எங்கேயும் இல்லை.

ஒரு ராத்திரி பர்பிரிட்ஜ் என்ற பழந்தின்னியோடு ரெட் உள்ளே போகிறான். கூட வந்தவர்களைப் பலி கொடுத்தே பணக்காரனானவன் என்று ஊரில் பேர், பட்டப்பெயர் 'கழுகு'. அவன் கால் 'சூனியக் கூழ்' என்ற வஸ்துவில் மாட்டி எலும்பு கரைந்து ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் பர்பிரிட்ஜ் இருந்தால் ரெட்டை விட்டுவிட்டு ஓடியிருப்பான். ரெட் தூக்கிக்கொண்டு வருகிறான். ஏன் என்று அவனுக்கே புரியவில்லை. அந்தக் கிழவன் வழியெல்லாம் கெஞ்சி, கடைசியில் கேட்டதைக் கொடுக்கும் பொன் உருண்டை இருக்கும் இடத்தைச் சொல்கிறேன் என்கிறான்.

ரெட் செய்த இந்த ஒரு நல்ல காரியத்தை அடுத்த சில பக்கங்களில் நாவலே கவிழ்த்துப்போடுகிறது. போலீஸ் வலை விரித்துவிட்டது, ஜெயில் நிச்சயம் என்று தெரிந்ததும், இதுவரை எவன் கேட்டும் கொடுக்க மறுத்த சூனியக் கூழை விற்றுவிடுகிறான். வாங்குகிறவர்கள் எதற்கு வாங்குகிறார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தான் உள்ளே இருக்கும் வருஷங்களில் கூட்டாவுக்கும் குழந்தைக்கும் அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவன் கணக்கு. மூன்றாம் பகுதியில், வேறொரு விஷயம் பேசும் இடத்தில், ஓர் ஆய்வகத்தில் அந்தக் கூழ் வெளியேறிப் பலர் செத்ததாகப் போகிறபோக்கில் ஒரு குறிப்பு வருகிறது. பெண்டாட்டி பிள்ளைக்காகச் செய்தேன் என்கிற நியாயத்தை இவ்வளவு அன்போடும் இவ்வளவு கடுமையாகவும் விசாரித்த இன்னொரு விஞ்ஞானப் புனைகதையை நான் படித்ததில்லை.

அந்த மூன்றாம் பகுதியில்தான் தலைப்புக்கான விளக்கமும் இருக்கிறது. நூனன் என்ற கண்காணிப்பு ஆசாமியும் பில்மன் என்ற நோபல் பரிசு விஞ்ஞானியும் குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். வந்தவர்கள் எதற்கு வந்தார்கள்? பில்மன் ஒரு கதை சொல்கிறார். காட்டுப் பாதையில் ஒரு கார் வந்து நிற்கிறது. இளசுகள் இறங்கித் தீ மூட்டி, தின்று, பாட்டுக் கேட்டு, ராத்தங்கிக் காலையில் கிளம்பிவிடுகிறார்கள். எண்ணெய்க் கறையும் எரிந்துபோன ஸ்பார்க் பிளக்கும் மிட்டாய்க் காகிதமும் யாரோ தவறவிட்ட பேனாக்கத்தியும் அங்கே கிடக்கின்றன. ராத்திரி முழுக்கப் பயந்து பதுங்கியிருந்த பூச்சிகளும் பறவைகளும் மெதுவாக வெளியே வருகின்றன. மனிதகுலத்தின் மாபெரும் சந்திப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, அவர்களுக்கு ஓர் இளைப்பாறல். நாம் அங்கே இருந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாமல் இருக்கலாம்.

பில்மன் இதை ஓர் ஊகமாகத்தான் சொல்கிறார். ஆனால் இதைப் படித்த பிறகு, வானத்திலிருந்து இறங்கி வந்து நம்மைக் காப்பாற்றவோ அழிக்கவோ மெனக்கெடும் வேற்றுக் கிரகத்தாரை எந்தப் படத்தில் பார்த்தாலும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

பேச்சு முடிந்து நூனன் ரெட்டின் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறான். ஜெயிலிலிருந்து ரெட் வந்துவிட்டான். குரங்குக்குட்டி பேசுவதை நிறுத்திவிட்டாள். கண்களில் மனித அடையாளம் மங்கிக்கொண்டு வருகிறது. வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார்: கல்லறையிலிருந்து எழுந்து வந்த ரெட்டின் அப்பா. மண்டலத்தின் விளைவாக அந்த ஊரில் செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள். யாரையும் ஒன்றும் செய்வதில்லை, வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆய்வுக்குக் கேட்டவர்களுக்கு ரெட் கொடுக்கவில்லை. எல்லோரும் ஒரே கூரையின்கீழ் சாப்பிடுகிறார்கள், நூனன் வலிய ஜோக் அடிக்கிறான், கூட்டா சிரிக்க முயல்கிறாள். பேய்க்கதை எழுதும் எவரும் இந்தக் காட்சியை அலற அலற எழுதியிருப்பார்கள். இவர்கள் ஒரு குடும்பத்து ஞாயிற்றுக்கிழமை மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு பேர், ஒரு டைப்ரைட்டர்

சோவியத் புத்தகங்கள் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் வண்டிகளில் கார்க்கியும் செகாவும் தஸ்தயேவ்ஸ்கியும் ஐத்மாத்தவும் கெட்டி அட்டையில், கொள்ளை மலிவாக வந்த காலத்தில் வாசிக்கத் தொடங்கிய தலைமுறை இது. அந்த வரிசையில் ஸ்த்ருகாத்ஸ்கிகள் என் கைக்கு வரவில்லை. அவர்கள் நாட்டிலேயே அவர்களுடைய புத்தகங்களுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

அண்ணன் அர்காதி 1925இல் பிறந்தவர். ராணுவத்தில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். பிற்பாடு ஜப்பானிய இலக்கியத்தை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தவர். தம்பி போரிஸ் 1933இல் பிறந்தவர். புல்கோவா வானியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். லெனின்கிராட் முற்றுகையில் குடும்பம் சிதறியது. 1942 குளிர்காலத்தில் அப்பாவும் அர்காதியும் உறைந்த லடோகா ஏரியின்மேல் வெளியேறினார்கள். பிஞ்சு உடம்பு பயணம் தாங்காது என்று போரிஸை அம்மாவோடு விட்டுப்போனார்கள். அப்பா வோலக்தா போய்ச் சேர்ந்து அங்கே இறந்துபோனார். பட்டினி கிடந்த நகரத்தில் இருந்த சிறுவன் பிழைத்துக்கொண்டான். குடும்பத்துக்காக எதையும் விற்கத் துணிகிற ரெட்டின் மேல் இந்த ஆசிரியர்கள் ஏன் கல்லெறியவில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

அண்ணன் மாஸ்கோவில், தம்பி லெனின்கிராடில். சேர்ந்து எழுத ஓரிடத்தில் கூடுவார்கள். ஒருவர் டைப்ரைட்டர் முன்னால்; மற்றவர் அறைக்குள் நடை. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லி, இருவருக்கும் சரிப்பட்டால்தான் தாளில் ஏறும். 'ரோட்சைட் பிக்னிக்' 1971இல் லெனின்கிராடை அடுத்த கொமரோவோவில் அப்படி எழுதப்பட்டது. இந்த நாவலின் வசனங்கள் பேச்சாகவே ஒலிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதழில் சுலபமாக வந்துவிட்டது. புத்தகமாக வரத்தான் எட்டு வருஷம் பிடித்தது. 'மலதாயா குவார்தியா' என்ற இளைஞர் பதிப்பகம் ஒப்பந்தம் போட்டுவிட்டு இழுத்தடித்தது. நாவலில் அரசாங்க எதிர்ப்பு எதுவும் இல்லை. கதையே முதலாளித்துவ நாட்டில் நடக்கிறது. சிக்கல் வேறு. பதிப்பாசிரியர்கள் மூன்று பட்டியல்கள் அனுப்பினார்கள்: பாத்திரங்களின் ஒழுக்கக்கேடு, அடிதடி, கொச்சைப் பேச்சு. கொச்சைப் பேச்சுக்கு மட்டும் 250க்கும் மேல் ஆட்சேபணைகள். சாராயக் கடைக் கள்ளன் நூலகர் மாதிரி பேச வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் போலும். 1980இல் ஒரு தொகுப்பில், கைகால் ஒடிக்கப்பட்டு, நாவல் வெளியே வந்தது. அதற்கு முந்தைய வருஷமே படம் வந்துவிட்டது.

பிழைப்பைக் கழித்தால் வருவது

தார்க்கோவ்ஸ்கி படமாக்கியது சினிமா சரித்திரத்தில் ஒரு தனி அத்தியாயம். தஜிகிஸ்தானில் எடுப்பதாக இருந்தது. நிலநடுக்கம் வந்ததால் எஸ்தோனியாவில் தாலின் அருகே யாகலா ஆற்றங்கரைக்குப் போனார்கள். 1977இல் எடுத்த படச்சுருள் லேபில் வீணானது. ஒளிப்பதிவாளர் ரெர்பெர்க் விலக்கப்பட்டார். வேறொருவர் என்றால் அதோடு மூட்டை கட்டியிருப்பார். இவர் இரண்டு பாகப் படம் என்று அனுமதி வாங்கிப் புதிதாக ஆரம்பித்தார். ஆற்றில் மிதக்கும் வெள்ளை நுரையைப் படத்தில் பார்த்து அழகு என்று நினைத்திருப்போம். மேலே இருந்த தொழிற்சாலைக் கழிவு அது என்று படத்தின் ஒலிக் கலைஞர் ஷாருன் பிற்பாடு சொன்னார். எழுத்தாளராக நடித்த சலனீத்ஸின் 1982இலும் தார்க்கோவ்ஸ்கி 1986இலும் புற்றுநோயில் இறந்ததற்கு அந்த ஆறுதான் காரணம் என்பது அவருடைய நம்பிக்கை.

திரைக்கதை எழுதியவர்கள் ஸ்த்ருகாத்ஸ்கிகளேதான். வரைவுக்கு மேல் வரைவு எழுதி ஓய்ந்துபோனார்கள். சுருள் வீணான பிறகு தார்க்கோவ்ஸ்கி அர்காதியிடம் கேட்டது இன்னும் பெரியது: ஸ்டாக்கர் இந்த முரடனாக இருக்க வேண்டாம், வேறொருவனாக வேண்டும். அர்காதி தம்பியிடம் ஓடினார். இரண்டே நாளில் புதுத் திரைக்கதை பிறந்தது. கடத்தல்காரன் போய், கடவுள் பித்துப் பிடித்த ஒரு அப்பாவி வந்தான். ரெட் நட்டு வீசுவது சம்பாதிக்க. இவன் வீசுவது நம்பிக்கையில். ரெட்டுக்கு அங்கே போவது வேலை; இவனுக்கு வெளியே இருப்பதே சிறை.

பிழைப்பைக் கழித்ததும் நாவலில் பாக்கி நின்றது ஒரு யாத்திரை. அதை வைத்து மகத்தான படம் எடுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பொருள் விலைபோகும் சந்தை, வாங்குகிறவன், ஆய்வகம், ராணுவம், ஜெயில், வாடகை எல்லாம் மறைந்ததும் மண்டலம் பரிசுத்தமாகிவிடுகிறது. நாவலில் அது பரிசுத்தமும் இல்லை, தீமையும் இல்லை. ஊர் அதைச் சுற்றி என்னவாகிறது என்பதே கதை. ஹார்மண்டிலிருந்து வெளியூர் குடிபோனவர்களைச் சுற்றி விபத்தும் சாவும் கணக்குமீறிக் கூடுவதைக் கண்டுபிடித்து, ஊரைவிட்டு யாரும் போகக் கூடாது என்று தடை போடுகிறார்கள். மண்டலத்தில் கால் வைத்தே இராத சலூன்காரனும் அதில் அடக்கம். இந்தக் கொடுமைக்குப் படத்தில் இடமில்லை.

படம் வந்து ஏழாவது வருஷம், 1986 ஏப்ரல் 26இல், செர்னோபிலில் அணு உலை வெடித்தது. மக்கள் வெளியேற்றப்பட்ட வட்டத்துக்கு மண்டலம் என்றே பெயர் வந்தது. வேலி தாண்டி உள்ளே போய் வருகிறவர்கள் தங்களை ஸ்டாக்கர் என்று அழைத்துக்கொள்கிறார்கள். உக்ரைனின் ஒரு நிறுவனம் 2007இல் இரண்டையும் கலந்து கம்ப்யூட்டர் கேம் ஆக்கியது. நட்டு வீசுவதை அந்த விளையாட்டில் கற்றுக்கொண்ட பொடியன்கள் இப்போது நாவலைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்குத் தார்க்கோவ்ஸ்கி யாரென்றே தெரியாது. படத்தின் வழியாக வந்த எங்களைவிட அவர்களுக்கு ரெட்டைச் சீக்கிரம் புரிகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். சரக்கு எடுக்கப் போகிறவன் எப்படி யோசிப்பான் என்று அவர்களுக்குத் தெரியும்.

பொன் உருண்டை

முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச முடியாது. தெரிய வேண்டாதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம்.

31 வயது ரெட் பொன் உருண்டையைத் தேடிப் போகிறான். மகள் இனி மனுஷி இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கூடவே கழுகு பர்பிரிட்ஜின் மகன் ஆர்தர். அழகான, படித்த பையன். தானும் எப்படியாவது உருண்டையைப் பார்க்க வேண்டுமென்று கெஞ்சி வந்தவன். உருண்டைக்குப் போகும் வழியில் 'கைமா மெஷின்' இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு ஆள் வேண்டும். அவன் மாட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்தவன் கடந்துவிடலாம். ரெட் அந்தப் பையனைக் கூட்டிவந்ததே அதற்குத்தான். பையனுக்குத் தெரியாது. உருண்டையைக் கண்டதும் குதித்துக்கொண்டு ஓடுகிறான்; எல்லோருக்கும் சந்தோஷம் வேண்டும், இலவசமாக வேண்டும் என்று கத்திக்கொண்டே ஓடுகிறான். மெஷின் அவனைத் தூக்கி முறுக்கிவிடுகிறது.

வழி திறந்துவிட்டது. ரெட் உருண்டைக்கு முன்னால் நிற்கிறான். என்ன கேட்பது? மகளைப் பற்றிக் கேட்கத்தான் வந்தான். வார்த்தை வரவில்லை. வாழ்நாள் முழுக்க வாங்கவும் விற்கவும் திட்டவுமே பேசியவன். தனக்கென்று ஒரு நினைப்பைக் கோத்து எடுக்கப் பழகாதவன். கடைசியில், தான் கொன்ற பையனின் வார்த்தைகளையே வேண்டுதலாகத் திருப்பிச் சொல்கிறான். அங்கே நாவல் நின்றுவிடுகிறது. கிடைத்ததா இல்லையா, தெரியாது. படத்திலும் மூவர் அறை வாசல்வரை போய் உள்ளே நுழையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் விலகிப்போன இரண்டு படைப்புகளும் நிற்பது ஒரே மாதிரி ஒரு வாசலில்.

'சொலாரிஸ்' எழுதிய ஸ்தானிஸ்வாவ் லெம் இந்த நாவலின் பெரிய ரசிகர். தன் கதையைத் தார்க்கோவ்ஸ்கி படமாக்கிய விதத்தில் மனம் கசந்தவர் அவர். ஆனால் இந்த முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை; கறாரான யதார்த்தத்தில் போய்க்கொண்டிருந்த கதை கடைசியில் தேவதைக் கதைக்குள் விழுந்துவிட்டது என்று எழுதினார். லெம் சொன்னால் யோசிக்கத்தான் வேண்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொன் உருண்டை வரம் தரும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஸ்டாக்கர்கள், அதிலும் முக்கியமான சாட்சி ஊரறிந்த புளுகன். தேவதைக் கதையை நம்பும் நிலைக்கு ஒரு மனிதன் எப்படித் தள்ளப்படுகிறான் என்பதையே நாவல் காட்டுகிறது. அதற்கு அவன் கொடுத்த விலை அந்தப் பையன்.

ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் உண்டு. 1977இல் வந்த அந்தோனினா பூயிஸின் மொழிபெயர்ப்பு பழைய புத்தகக் கடைகளில் அகப்படும். வாங்குவதென்றால் 2012இல் ஒலேனா பொர்மஷென்கோ செய்ததை வாங்குங்கள். வெட்டுப்படாத மூலத்திலிருந்து வந்தது, ரெட்டின் பேச்சில் காரம் இருக்கிறது. உர்சுலா லெ குவின் முன்னுரையும் போரிஸின் பின்னுரையும் சேர்ந்த பதிப்பு அது. அந்தப் பின்னுரையில்தான் எட்டு வருஷக் கடிதப் போரின் கதை இருக்கிறது. அதைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால், ரெட்டின் மேல் வர வேண்டிய கோபமெல்லாம் பதிப்பகத்தார் மேலேயே தீர்ந்துபோய்விடும்.